கண்மாயும் வரத்துக்காலும்: மூளையின் வரைபடத்தைப் படிப்பது எப்படி?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இலக்கியம் பேசும் மேடைக்கு இந்த ஆண்டு ஒரு நரம்பியல் மருத்துவனை அழைத்திருக்கிறீர்கள். அழைப்பிதழில் 'மனித மூளை: அமைப்பும் செயலும்' என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அதைச் சொல்லி முடித்துவிடலாம் என்று நம்பிய ஏற்பாட்டாளர்களின் துணிச்சலை மெச்சுகிறேன். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'பேச்சு இங்கே இருக்கிறது, நினைவு அங்கே இருக்கிறது' என்று மூளைப் படத்தில் விரல் வைத்துக் காட்டுகிறோமே, அந்த 'இருக்கிறது' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்க் கண்மாய்க்குச் சொந்தத் தண்ணீர் கிடையாது. மேலே உள்ள கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் எங்களுக்கு வரும். ஒரு வருஷம் நல்ல மழை. மேல் கண்மாய் நிறைந்து வழிந்தது. எங்கள் கண்மாயில் கரை உடையவில்லை, மடையும் பழுதில்லை. ஆனால் தண்ணீர் வரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரத்துக்கால் வழியே நடந்தார்கள். பாதி தூரத்தில் மண் சரிந்து அடைத்துக் கிடந்தது. கண்மாய் காய்ந்ததென்றால் கண்மாயில்தான் கோளாறு என்று அவர்கள் நினைக்கவில்லை. மூளையைப் படித்தவர்கள் அந்தப் பாடத்துக்கு வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதைதான் இன்றைய பேச்சு.

தலையெழுத்தைப் படித்தவர்

மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களில் நெளிநெளியாகக் கோடுகள் ஓடும். பிரமன் எழுதிய தலையெழுத்து என்று நம் பாட்டிமார் சொன்னது அதைத்தான். எழுதியிருப்பது தெரியும், படிக்கத் தெரியாது என்பது நம் ஊர் அடக்கம். ஐரோப்பாவில் ஒருவர் படித்தே காட்டுகிறேன் என்று கிளம்பினார். வியன்னாவில் மருத்துவம் பார்த்த ஃபிரான்ஸ் யோசஃப் கால், 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு கொள்கை சொன்னார். மனத்தின் ஆற்றல்கள் 27. ஒவ்வொன்றுக்கும் மூளையில் தனி உறுப்பு உண்டு. எந்த ஆற்றல் ஓங்குகிறதோ அந்த இடம் வளர்ந்து மண்டையோட்டையும் மேடாக்கும். தலையைத் தடவிக் குணம் சொல்லும் தொழில் ஒன்று இதிலிருந்து பிறந்து கொழித்தது.

பாரிஸில் பியர் ஃப்ளூரான்ஸ் இதை மறுத்தார். புறா முதலிய உயிர்களின் மூளையைச் சிறிது சிறிதாக அகற்றிப் பார்த்தார். சிறுமூளையை எடுத்தால் உடல் தள்ளாடுகிறது, முகுளத்தைச் சிதைத்தால் மூச்சு நிற்கிறது. ஆனால் பெருமூளை முழுக்க ஒன்றாகவே இயங்குகிறது, அதற்குள் தனித்தனி அறைகள் இல்லை என்றார். ஒருவருக்கு மூளை இழுப்பறைகள் நிறைந்த அலமாரி; மற்றவருக்குப் பிரிக்க முடியாத ஒரே பொருள். இரண்டுமே பாதி உண்மை என்பது பின்னால்தான் தெரிந்தது.

தலைக்குள் உள்ள ஊர்

ஊரை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிடுவோம்.

ஆட்டு மூளை வாங்கிச் சமைத்தவர்களுக்கு அதன் கொழகொழப்பு தெரியும். மனித மூளையும் அப்படித்தான். எடை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ. மண்டைக்குள் அது நீரில் மிதக்கிறது. அதனால் ஏறக்குறைய 50 கிராம் பொருளைப்போல் லேசாக இருக்கிறது. மிதக்காவிட்டால் தன் பாரத்தாலேயே அடியில் நசுங்கும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள இந்த உறுப்பு, ஓய்வாக இருக்கும்போதும் உடலின் ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்கிறது. 'மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறோம்' என்று மேடைகளில் சொல்வார்கள். ஒன்பது பங்கைச் சும்மா உட்காரவைத்து இவ்வளவு தீனி போட எந்த உடலுக்கும் கட்டுப்படியாகாது.

கீழிருந்து வருவோம். தண்டுவடம் மண்டைக்குள் நுழைந்ததும் முகுளம். மூச்சும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அதன் கண்காணிப்பில். அதன்மேல் பான்ஸ், நடுமூளை. மூன்றும் சேர்ந்தது மூளைத் தண்டு. நாம் விழித்திருப்பதே இந்தத் தண்டின் தயவில்தான். அதன் பின்புறம் சிறுமூளை: அசைவுகளுக்குத் தாளமும் அளவும் தருவது. தண்டின் உச்சியில் தலாமஸ்: மணம் தவிர மற்றப் புலன் செய்திகள் மேலே போகுமுன் வந்து சேரும் சந்திப்பு. அதன் அடியில் ஹைப்போதலாமஸ்: பசி, தாகம், உடல் வெப்பம், ஹார்மோன்கள் எல்லாம் அந்தச் சிறிய இடத்தின் பொறுப்பு.

இவற்றைக் குடைபோல் மூடியிருப்பது பெருமூளை. இரண்டு பாதிகள், நடுவே சுமார் 20 கோடி நரம்பிழைகளால் ஆன கார்பஸ் கலோசம் என்ற பாலம். மேற்பரப்பில் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனில் புறணி. விரித்தால் செய்தித்தாளின் ஒரு பக்கம் அளவுக்கு வரும். மண்டைக்குள் அடங்க மடிந்து கிடக்கிறது. மடிப்புகளை அடையாளமாக வைத்து நான்கு மடல்கள் என்கிறோம். திட்டமிடலுக்கும் அசைவுக்கும் நெற்றி மடல், தொடு உணர்வுக்கும் இட உணர்வுக்கும் உச்சி மடல், கேட்டலுக்கும் நினைவுக்கும் பொட்டு மடல், பார்வைக்குப் பிடரி மடல்.

குடித்தொகையையும் சொல்ல வேண்டும். பிரேசில் நாட்டு ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழுவினர் மூளையைக் கரைத்து ஒரே சீரான குழம்பாக்கி, அதிலுள்ள அணுக்கருக்களை எண்ணினார்கள். 2009-இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, சராசரி மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அதில் சுமார் 6,900 கோடி, எடையில் பத்தில் ஒரு பங்கே உள்ள சிறுமூளையில். நாம் பெருமைப்படும் பெருமூளைப் புறணியில் 1,600 கோடிதான். பெயரில் உள்ள 'சிறு'வை நம்பி ஏமாறக் கூடாது.

புறணிக்கு அடியில் வெண்பொருள். கொழுப்பு உறை போர்த்திய நரம்பிழைகள் கற்றை கற்றையாக ஓடும் இடம். புறணியின் சாம்பல்பொருள் கண்மாய் என்றால் இந்த வெண்பொருள்தான் வரத்துக்கால். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சொல் மிஞ்சிய மனிதர்

பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனை. 1861 ஏப்ரல் 12. அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பிரிவுக்கு, காலில் சீழ் பிடித்த ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். பெயர் லெபோர்ன், வயது 51. காலணி செய்வோருக்கு மரத்தில் கால் அச்சு செய்துகொடுத்த தொழிலாளி. இளவயதிலிருந்து வலிப்பு. முப்பது வயதில் பேச்சு நின்றுபோனது. எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்பார். கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு வசவு தெளிவாக வரும். மருத்துவமனையில் அவர் பெயரே டான் ஆகிவிட்டது. பேச்சு போய்ப் பத்தாண்டு கழித்து வலது கை மெல்லச் செயலிழந்தது. அதன்பின் வலது கால்.

ஏப்ரல் 17-இல் அவர் இறந்தார். மறுநாளே புரோக்கா அந்த மூளையைப் பாரிஸ் மானிடவியல் சங்கத்தில் காட்டினார். இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் ஒரு கோழி முட்டை கொள்ளும் அளவுக்குக் குழிவு. சில மாதங்களில் இன்னொரு நோயாளி: 84 வயது லெலோங், மிஞ்சிய சொற்கள் ஐந்து. அவருக்கும் அதே பக்கம்தான். மேலும் பலரைப் பார்த்தபின் 1865-இல், நாம் பேசுவது மூளையின் இடது பாதியால் என்று புரோக்கா எழுதினார். அலமாரிக் கட்சி வென்றது போலத் தோன்றியது. பேச்சுக்கு முகவரி கிடைத்துவிட்டது.

1874-இல் பிரெஸ்லாவ் நகரில் கார்ல் வெர்னிக்கே வேறு விதமான நோயாளிகளை விவரித்தார். இவர்கள் தடையில்லாமல் பேசுவார்கள். பேச்சில் பொருள் இராது. பிறர் சொல்வதும் விளங்காது. சிதைவு இருந்தது இடது பொட்டு மடலின் பின்பகுதியில். வெர்னிக்கே இன்னொரு முகவரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் வரத்துக்காலை யோசித்தார். கேட்கும் இடமும் பேசும் இடமும் நலமாக இருந்து, இரண்டையும் இணைக்கும் பாதை மட்டும் அறுந்தால் என்ன ஆகும்? கேட்பது புரியும், பேசவும் வரும், சொன்னதைத் திருப்பிச் சொல்வதில்தான் தடுமாற்றம் வரும் என்ற இன்றைய புரிதல் அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்தது. அப்படிப்பட்ட நோயாளிகளை இன்றும் நாங்கள் பார்க்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்டபோது வெர்னிக்கேவுக்கு வயது 26.

புரோக்கா ஒரு நல்ல காரியம் செய்தார். அந்த மூளைகளை அறுக்காமல் முழுசாக வைத்துவிட்டுப் போனார். 2007-இல் நீனா டிரான்கர்ஸ் குழுவினர் அவற்றை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்தார்கள். சிதைவு மேற்பரப்போடு நிற்கவில்லை. உள்ளே வெண்பொருளில், முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் பெரும் நரம்பிழைக் கற்றை வரை இறங்கியிருந்தது. புரோக்கா கரை உடைந்ததைப் பார்த்தார். வரத்துக்காலும் தூர்ந்திருந்தது 146 ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. புரோக்கா பகுதி மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பேச்சு பெருமளவு திரும்பிவிடுகிறது என்பதும் பின்னாளில் கண்டதே.

இதன் மறுபக்கமும் உண்டு. ஓரிடத்தில் அடிபட்டால், அடிபடாத தொலைவிடமும் சிறிது காலம் ஓய்ந்துபோகிறது. அதற்கு வர வேண்டிய வரத்து நின்றதால். 1914-இல் சூரிச்சின் கான்ஸ்டான்டின் ஃபான் மோனாக்கோவ் இதற்கு டயாஸ்கிசிஸ் என்று பெயர் வைத்தார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. மண்வெட்டி மட்டும் உண்டு.

எல்லைக்கல் நட்டவர்கள்

முகவரி எழுதும் வேலை இதற்கிடையே மும்முரமாக நடந்தது. 1870-இல் பெர்லினில் ஃபிரிட்ஷும் ஹிட்சிக்கும் நாயின் மூளைப் புறணியில் மெல்லிய மின்சாரம் பாய்ச்ச, எதிர்ப்பக்கக் கால் அசைந்தது. 1909-இல் கார்பினியன் புரோட்மன் நுண்ணோக்கியில் அணுக்களின் அடுக்கமைப்பைப் பார்த்துப் புறணியைப் பிரித்து எண் கொடுத்தார். 4 என்றால் அசைவு, 17 என்றால் பார்வை, 44-ம் 45-ம் புரோக்காவின் இடம். நம் பட்டாவில் சர்வே எண் போல, நூறாண்டு கடந்தும் அந்த எண்களையே சொல்கிறோம். 2016-இல் வெளியான ஒரு வரைபடம் மூளையின் ஒவ்வொரு பாதியிலும் 180 பகுதிகளைக் காட்டியது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 சீவல்களில் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024-இல் வெளியிட்டது. உட்பிரிவு சர்வே இன்னும் ஓயவில்லை.

எல்லைக்கல் நட்டவர்களில் மான்ட்ரியலின் வைல்டர் பென்ஃபீல்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. வலிப்புக்கு அறுவை செய்யும்போது நோயாளியை விழித்திருக்க வைத்தே செய்தார். தோலும் எலும்பும் மரத்துப்போனால் போதும். மூளைக்கு வலி தெரியாது. மின்முனையால் ஓரிடத்தைத் தொட்டு, 'என்ன உணர்கிறீர்கள்?' என்று கேட்பார். விரல் துடித்தது, உதடு கூசியது என்று பதில் வரும். அந்த இடத்தில் எண் எழுதிய சிறு காகிதத்தை வைப்பார். இப்படிச் சேர்த்த விவரங்களை 1937-இல் வெளியிட்டபோது புறணியில் உடலின் வரைபடம் கிடைத்தது. கால் இரு பாதிகளுக்கு நடுவே உட்புறத்தில். மேலிருந்து பக்கவாட்டில் இறங்க இறங்க உடல், கை, முகம், நாக்கு. அளவு உடலைப் பொறுத்து இல்லை, வேலையைப் பொறுத்தது. கைக்கும் உதட்டுக்கும் ஏராளமான நிலம்; முதுகுக்கு ஒரு துண்டு.

அந்த மான்ட்ரியலில் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். என் தலைமுறை மருத்துவர்கள் அந்த வரைபடத்தைக் கற்றது இவர்கள் போட்ட பாதையில்தான்.

நாளை இல்லாதவர்

வரைபடம் எவ்வளவு கறாராக இருக்க முடியும் என்பதற்கு ஹென்றி மொலைசன் சாட்சி. 1953-இல், 27 வயதில், கடும் வலிப்பைத் தீர்ப்பதற்காக அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் ஸ்கோவில் இரு பொட்டு மடல்களின் உட்புறத்தையும், ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியோடு, எடுத்தார். வலிப்பு குறைந்தது. புதிதாக எதுவும் நினைவில் தங்காமல் போயிற்று. உளவியலாளர் பிரெண்டா மில்னர் எத்தனை முறை போனாலும் ஒவ்வொரு முறையும் முதல் சந்திப்பு.

மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, நட்சத்திரத்தின் ஓரத்தில் கோடு வரைவது. மூன்று நாளில் ஹென்றியின் கை தேர்ந்துவிட்டது. இதற்கு முன் அதைச் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. கை கற்றது, ஆள் அறியவில்லை. 'நினைவு' என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வது பல கண்மாய்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வரத்து. 2008-இல் அவர் இறந்தபின் அந்த மூளையை 2,401 சீவல்களாக எடுத்து வைத்தார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் சலிக்காமல் ஆய்வாளர்களோடு ஒத்துழைத்த அந்த மனிதரிடம் நரம்பியல் பட்ட கடன் பெரிது.

இல்லாத கையில் அரிப்பு

நிலம் சும்மா கிடந்தால் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிப் போடுவார். மூளையில் அப்படி நடக்குமா? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார். கை துண்டிக்கப்பட்ட ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். இல்லாத கையின் விரலைத் தொடுவதாக அவர் சொன்னார். பென்ஃபீல்டு வரைபடத்தில் கைக்கும் முகத்துக்கும் நிலம் அடுத்தடுத்து. கையின் வரத்து நின்றதும் முகத்தின் வரத்து அங்கே பாய்ந்துவிட்டது என்று ராமச்சந்திரன் விளக்கினார்.

கேட்டதும் மனம் ஒப்பும் விளக்கம். ஆனால் வழக்கு முடியவில்லை. பிரிட்டனில் டாமர் மேக்கின் குழுவினர், கையை இழந்தவர்கள் இல்லாத விரல்களை அசைக்க முயலும்போது மூளையில் பழைய கையின் வரைபடம் அப்படியே விழிப்பதைக் கண்டார்கள். துண்டிக்கும் முன்பும் பின்பும் மூன்று பேரைத் தொடர்ந்து பார்த்து 2025-இல் வெளியிட்ட ஆய்விலும், கையின் இடத்தை முகம் பிடித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பட்டா மாறவில்லை என்கிறது ஒரு தரப்பு. பாய்ச்சல் மாறியது என்கிறது இன்னொன்று. பள்ளிப் பாடநூல் போல முடித்துச் சொல்ல ஆசைதான். முடியாததை முடிந்ததாகச் சொன்னால் நான் தலையெழுத்தைப் படித்த ஃபிரான்ஸ் யோசஃப் காலின் கட்சிக்காரனாகிவிடுவேன்.

முகம், கை, பேச்சு

மாணவர்கள் கேட்கலாம்: இத்தனை எண்ணும் எல்லையும் எங்களுக்கு எதற்கு? ஒரு காரணம் சொல்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

பக்கவாதத்துக்கு எச்சரிக்கை அடையாளங்கள் மூன்று: வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொய்வது, பேச்சு குழறுவது அல்லது நிற்பது. ஏன் இந்த மூன்றும் கூட்டாக வருகின்றன? வரைபடத்தைப் பாருங்கள். முகமும் கையும் பேச்சும் மூளையின் வெளிப்பக்கத்தில் அக்கம்பக்கத்து நிலங்கள். மூன்றுக்கும் பாய்வது நடு மூளைத் தமனி என்ற ஒரே வாய்க்கால். அது அடைத்தால் மூன்றும் சேர்ந்தே காயும். கால் உட்புறத்தில் இருக்கிறது; அதன் வாய்க்கால் வேறு. லெபோர்னுக்கு முதலில் பேச்சு, பிறகு கை, கடைசியில் கால் போனதன் வரிசையும் இதே வரைபடத்தின் மேல் சிதைவு மெல்லப் பரவிய கதைதான்.

பெரிய தமனி அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குமுன் உள்ளே இரத்தக் கசிவு இல்லையென்று ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டும். ஆகவே வெந்நீர் ஒத்தடம், எண்ணெய்த் தேய்ப்பு, 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' எல்லாம் வேண்டாம். ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கு 108-இல் உடனே புறப்படுங்கள்.

நான்கு முறை விரித்த கை

அப்படி உடனே மருத்துவமனைக்குப் போயும் பேச்சை மீட்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். வெளிநோயாளர் பிரிவில் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைத் தாண்டி என்னிடம் பேசுவார்கள்: 'அவருக்கு ஒண்ணும் புரியாது சார்.' அப்போது நான் அவரைப் பார்த்துப் பழைய பாட்டு ஒன்றின் முதல் அடியைத் தொடங்குவேன். வாய் திறந்து ஒரு சொல் சொல்ல முடியாதவர் சில சமயம் அடுத்த அடியைப் பாடிவிடுவார். வீட்டார் அழுவார்கள். பாட்டு வேறு வரத்துக்கால் வழியே வருகிறது. அந்தக் கால் இன்னும் தூரவில்லை.

பேச்சு 'இருக்கும்' இடம் போய்விட்டது என்று முகவரியை மட்டும் படித்தால், ஆளே போய்விட்டதாக நினைத்துக் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவோம். முகவரியைக் கண்டுபிடித்த புரோக்கா நிறுத்தவில்லை. சாகக் கிடந்த லெபோர்னிடம், இந்த மருத்துவமனையில் எத்தனை ஆண்டு இருக்கிறீர்கள் என்று கேட்டார். லெபோர்ன் அசையும் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டினார். பிறகு ஒரு விரலை மட்டும் நீட்டினார்.

இருபத்தொன்று. சரியான கணக்கு.